வேரைத் தேடி – 17: தாத்தாவின் பெயரை நிலத்தில் தேடுங்கள்

1911 ஜூன் 17. மணியாச்சி சந்திப்பில் நின்றுகொண்டிருந்த ரயிலில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். இதை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் ஆஷை இங்கிலாந்துக்காரர் என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர் அயர்லாந்தில் 1872ல் பிறந்தவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்து, ஐ.சி.எஸ். தேறி இங்கே வந்தவர். லண்டனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஒரு நாட்டில் பிறந்தவர், அதே ஆட்சியின் கலெக்டராக நம் ஊருக்கு வந்தார்.

வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி ஆஷின் தடத்தை அயர்லாந்து வரை பின்தொடர்ந்து 2010ல் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ என்ற அவரது நூல் 2016ல் வந்தது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. அயர்லாந்தின் சாதாரணக் குடியானவர் ஒருவரும், தென்காசி வட்டாரத்துச் சாதாரணக் குடியானவர் ஒருவரும் தங்கள் பூர்விகத்தைத் தேடினால் எது கைகொடுக்கும்? இரண்டு ஊருக்கும் விடை ஒன்றுதான்: ஆளின் ஏடு அழிந்த இடத்திலும் நிலத்தின் ஏடு பேசும்.

எரிந்த ஏடுகள்

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல தலைமுறை உயில்களும் தேவாலயப் பதிவேடுகளும் போயின. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் வீட்டுத் தாள்களும் பெரும்பாலும் சாம்பலாயின. 1861 முதல் 1891 வரையிலான தாள்களை அரசே அதற்கு முன்பு அழித்திருந்தது. முழுமையாக மிஞ்சியவை 1901, 1911 ஆண்டுகளின் தாள்கள் மட்டுமே.

அந்த 1911 கணக்கெடுப்பு நடந்தது ஏப்ரல் 2ஆம் தேதி, மணியாச்சிச் சம்பவத்துக்கு இரண்டரை மாதம் முன்பு. குடும்பத்தலைவர் தம் கைப்பட நிரப்பிய தாளை இன்று எவரும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதே ஆண்டு மார்ச் 10 இரவு இந்தியாவிலும் தலை எண்ணினார்கள். தென்காசித் தெருக்களிலும் குற்றாலத்துத் தோப்புகளிலும் ஒவ்வொருவரையும் தாளில் எழுதினார்கள். கூட்டல் முடிந்ததும் அந்தத் தாள்கள் அழிக்கப்பட்டன. எண்ணிக்கை அச்சேறியது, பெயர்கள் போய்விட்டன. நம் பூட்டனாரை எண்ணிய தாளை நாம் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

கணக்கெடுப்பை இழந்த அயர்லாந்துக்காரர்கள் வேறு கதவைத் தட்டினார்கள். 1847 முதல் 1864 வரை அங்கே நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி மதிப்பிட்டார்கள். நடத்தியவர் பெயரால் அதற்கு ‘கிரிஃபித் மதிப்பீடு’ என்று பெயர். எந்தச் சிற்றூரில், எந்தத் துண்டு நிலத்தில், யாரிடம் குத்தகைக்கு எடுத்து யார் குடியிருந்தார் என்று அது வரிசையாகச் சொல்கிறது. அதற்கு அடிப்படையாக 1824ல் தொடங்கிய நில அளவை, மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதையும் வரைபடமாக்கியிருந்தது. 60,000க்கும் மேற்பட்ட சிற்றூர் எல்லைகள் அதில் கோடு கோடாக உள்ளன. அந்த அளவைக்காக கர்னல் கோல்பி உருவாக்கிய அளவுகோல் சட்டங்களின் மாதிரியைத்தான் இந்திய நில அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் இங்கே கொண்டுவந்து, 1830களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் அடிக்கோடு அளந்தார்.

மதிப்பீட்டுக்குப் பிறகும் அந்தப் பேரேடுகளைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதிய பெயரை எழுதி, ஆண்டையும் குறித்தார்கள். ஒரு பெயர் அடிபட்ட ஆண்டு பெரும்பாலும் அவர் இறந்ததையோ ஊரைவிட்டுப் போனதையோ ஒட்டியிருக்கும். இறப்புச் சான்று இல்லாத ஒருவரின் கடைசிக் காலத்தை வரிக்கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

முதல் கேள்வி: அன்று எந்த அரசு?

இனி நம் ஊருக்கு வருவோம். தென்காசியிலிருந்து செங்கோட்டை கூப்பிடு தூரம்தான். ஆனால் 1956 நவம்பர் 1 வரை தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம், செங்கோட்டையும் புளியரையும் மலையாளக் கரை அரசு. முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டைத் தாலுகாவையே வகிர்ந்தார்கள். கிழக்குப் பகுதி நமக்கு வந்தது, ஆரியங்காவுப் பக்கத்து மலைப்பகுதி கேரளத்தோடு நின்றது. வாஞ்சிநாதனே செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர்தான்.

ஆகவே, அப்பா வழி தென்காசி, அம்மா வழி செங்கோட்டை என்றால் உங்கள் பூர்விகம் இரண்டு தலைநகரங்களில் கிடக்கிறது. ஒரு பாதி எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், மறு பாதி திருவனந்தபுரத்தில், மலையாள எழுத்தில். பட்டா எண் என்று இங்கே கேட்பதை அங்கே தண்டப்பேர் என்று கேட்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். இந்த வட்டாரத்துப் பழைய பத்திரங்களிலும் ஓலைகளிலும் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரையிலான தேதியானால் 824ஐக் கூட்டுங்கள், மார்கழிப் பின்பாதி முதல் ஆடி வரை என்றால் 825ஐ. மணியாச்சிச் சம்பவம் நடந்தது கொல்லம் 1086 ஆனி மாதம். பக்கத்திலேயே தமிழ் ஆண்டின் பெயரும் எழுதியிருப்பார்கள். அதை மட்டும் நம்பினால் தடம் புரளும். விரோதிகிருது 1851லும் வந்தது, 1911லும் வந்தது, 1971லும் வந்தது. 60 ஆண்டு பிசகினால் தாத்தாவும் பேரனும் இடம் மாறிப்போவார்கள். மூத்த பேரனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயரை வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு, அயர்லாந்திலும் உண்டு. ஆகவே ஒரே ஊரில், ஒரே நிலத்தில், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்பத் திரும்ப வரும். கொல்லம் ஆண்டும் தமிழ் ஆண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பெயரை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு சர்வே எண் போதும்

குடும்பத்துக்கு இன்றுள்ள, அல்லது ஒருகாலத்தில் இருந்த ஏதாவது ஒரு நிலத்தின் சர்வே எண்ணைப் பிடியுங்கள். நில விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். அதில் இருப்பது 1979க்குப் பிறகு நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் எண். அதற்கு இணையான பழைய எண்ணைத் தெரிந்துகொண்டால் முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டுக்குள் நுழையலாம். 1980 வரை இந்தக் கணக்கெல்லாம் ஊர்க் கணக்கர்களான கர்ணங்களின் பொறுப்பில் இருந்தது. அந்த ஆண்டு அந்தப் பதவி ஒழிந்தது. பின்னர் 2019 நவம்பர் 22ல் தென்காசி தனி மாவட்டமானது. ஆகவே பழைய தாள்களுக்குத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தையும் நினைவில் வையுங்கள்.

கோயில் ஊழியத்துக்கோ கல்விக்கோ மானியம் பெற்ற குடும்பமானால் இனாம் பதிவேடுகளைக் கேளுங்கள். 1858ல் அமைந்த இனாம் ஆணையம் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்தது. யாருக்கு முதலில் வழங்கப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்று எழுதிவைத்தது. ஒரே பக்கத்தில் சில தலைமுறைகள் கிடைக்கும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள மேலகரத்தை நினைத்துப்பாருங்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்கர் கொடுத்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் பெற்றது. ஒரு முன்னோரின் வாழ்க்கை ஒரு வயலின் பெயராகவே நின்றுவிட்டது.

ஆவணங்களிலேயே உயர்ந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் பிரியும்போது தகப்பனார், பாட்டனார், இறந்துபோனவர்கள், அவர்களுடைய வாரிசுகள் என்று அனைவரையும் சொல்லித்தான் எழுத முடியும். அடுத்தது நான்கு எல்லை. ‘இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் வயலுக்கு வடக்கு, இந்த நான்கு மாலுக்குட்பட்ட’ என்று வரும் வரிகளைப் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பக்கத்து வயல்காரர் பல நேரம் பங்காளியாக இருப்பார். பாட்டனார் காலத்தில் ஒரே வயலாக இருந்தது மூன்றாகப் பிரிந்திருக்கும். புலப்படத்தில் உட்பிரிவுகளைப் பார்த்து, எல்லைப் பெயர்களை அவற்றின் மேல் எழுதிப்பாருங்கள். குடும்பம் எப்படிக் கிளைவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியும். குற்றாலமலையில் பிறந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் சிற்றாறும், அதன் கால்களும் குளங்களும் அந்த வரைபடத்தில் இருக்கும். ஆட்சி மாறியபோதும் பெரும்பாலும் இடம் மாறாதவை அவைதான். ஆதலால் பழைய பத்திரத்தின் எல்லையை இன்றைய படத்தில் பொருத்த வாய்க்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காணி இல்லாதவர்களின் பெயர்

நிலத்தின் ஏடு பேசும் என்றேன். ஆனால் காணி நிலமும் வாய்க்காமல் அந்த வயல்களில் பாடுபட்டவர்களைப் பற்றி அது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. நெல்லை விளைவித்தவர் பெயர் பட்டாவில் இல்லை. இந்த அநீதியை மறைத்துவிட்டுப் பூர்விகம் பேசுவது முறையாகாது. பெண்களுக்கும் ஏறத்தாழ இதே கதிதான். பத்திரத்தில் அவர்கள் இன்னார் பெண்சாதி என்று வந்து போகிறார்கள். மஞ்சள்காணியாகப் பிறந்த வீடு நிலம் எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும் ஆச்சியின் தகப்பனார் பெயரும் ஊரும் கிடைக்கும்.

இவர்களுக்காக வேறு ஏடுகளைத் திறக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் உள்ள ஞானஸ்நானப் பதிவேடுகள் காணி உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே வரிசையில் எழுதின. நீதிமன்றக் கட்டுகளில் சாட்சியாக வந்த கூலிக்காரரின் தகப்பனார் பெயர், வயது, தொழில், ஊர் எல்லாம் இருக்கும். ஆஷ் கொலையைத் தொடர்ந்து 14 பேர் மீது நடந்த சதிவழக்கின் ஆவணங்களும் இந்த வகையில் படிக்கத் தக்கவை. எழுத்தே இல்லாத குடும்பத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. பங்குனி உத்திரத்தன்று எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறீர்கள்? அந்தக் கோயில் இருக்கும் ஊர், பெரும்பாலும் உங்கள் முன்னோர் குடிபெயர்வதற்கு முன் வாழ்ந்த ஊர். அன்று அங்கே பொங்கலிடும் மற்றக் குடும்பங்களின் ஊர்களையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் உறவு எந்தெந்தத் திசையில் பரவியது என்று அந்தப் பட்டியல் சொல்லும்.

டப்ளினில் எரிந்த காப்பகத்தை, மற்ற ஊர்களில் இருந்த நகல்களைத் திரட்டி மீண்டும் கட்டி, 2022 ஜூனில் இணையத்தில் திறந்துவிட்டார்கள். நூறாண்டு கழித்தும் ஒரு நாடு தன் மக்களின் பெயர்களை விட்டுக்கொடுக்கவில்லை. நம்மிடம் எரியாமல் இருப்பவையே ஏராளம். மரப்பெட்டியில் கரையான் அரிப்பதற்கு முன் அவற்றைப் படம் எடுத்துவையுங்கள். இந்த வாரம் வீட்டிலுள்ள மூத்தவரிடம் மூன்று கேட்டு எழுதுங்கள்: ஒரு வயலின் பெயர், அதன் நான்கு எல்லைக்காரர்கள், சாஸ்தா கோயில் இருக்கும் ஊர். தேடலுக்கு இந்த முதல் போதும்.

அடுத்த வாரம், இதே சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பெயர்களைத் தேடிப்போவோம்.