அழுத்திய விசை எங்கே போகிறது?

கணிப்பொறியில் தமிழ்க் கடிதம் எழுதும்போது, நாம் அழுத்தும் விசை நேரே கடிதத்துக்குள் சென்று எழுத்தாகிறது என்று எண்ணுகிறோம். அவ்வாறன்று.

ஐ.பி.எம். கம்பெனியார் 1981-இல் வெளியிட்ட கணிப்பொறியில் 'எச்' விசையை அழுத்தினால் 35 என்ற எண் புறப்படும். விரலை எடுத்தால் 163. விசைப்பலகைக்கு எழுத்துத் தெரியாது. எந்த விசை என்பது மட்டுமே தெரியும். இன்றும் அந்த எண்ணை முதலில் வாங்குவது விண்டோஸ் போன்ற இயங்குதளமே. இன்ன எழுத்தென்று தீர்மானித்து, திரையில் அப்போது முன்னே நிற்கும் நிரலிடம் சேர்ப்பிப்பதும் அதுவே. பார்சல் ஆபீசில் பதிவாகாமல் எந்த மூட்டையும் வண்டி ஏறுவதில்லை அல்லவா? (நம் தொழில் உவமை, பொறுத்தருள்க.)

இந்த இடைவழியால் நமக்கு நன்மையும் உண்டு. 1999-இல் வகுக்கப்பட்ட தமிழ் 99 முறையில் 'எச்' விசை 'க' ஆகும். அடுத்து 'க்யூ' அழுத்தினால் அது 'கா' ஆகிவிடும். தமிழுக்கென்று எழுதப்படாத நிரலிலும் நாம் தமிழ் எழுதுவது, நடுவே ஒரு மென்பொருள் விசைகளை வாங்கி மாற்றித் தருவதால்தான்.

அதே இடத்தில் கள்வனும் அமரலாம். விசைகளைத் தனக்கும் காட்டுமாறு விண்டோஸிடம் கேட்க நிரல்களுக்கு வழி உண்டு. கடவுச்சொல்லைத் திரை புள்ளிகளாக மறைப்பது பின்னால் நிற்பவர் கண்ணுக்கே. முன்னரே விசையைக் கண்டுவிட்ட நிரலுக்கு அம்மறைப்பு ஒரு பொருட்டன்று.

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்னும் மூன்று விசைகளை, கணிப்பொறியை மீண்டும் தொடங்குவதற்கென்று அமைத்தவர் ஐ.பி.எம். பொறியாளர் டேவிட் பிராட்லி. 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. அவற்றுக்குக் காவற்பணி தந்தது. நுழைவுத் திரை போலவே போலித் திரை வரைந்து கடவுச்சொல்லைப் பறிப்பது எளிது. ஆனால் இம்மூன்றையும் சேர்த்து அழுத்தினால், சாதாரண நிரல் எதற்கும் தராமல் விண்டோஸ் தானே எடுத்துக்கொண்டு மெய்யான திரையைக் காட்டும். ஒரே விசையாக இருந்திருக்கலாம் என்று பில் கேட்ஸ் 2013-இல் குறைப்பட்டார்; நமக்கோ இது நல்ல ஏற்பாடாகவே தோன்றுகிறது. எனினும் இக்காவல் நுழைவாயிலோடு சரி. உள்ளே சென்றபின் வங்கிப் பக்கத்தில் நாம் அடிப்பதற்கு அது காவலன்று.

கைப்பேசியிலோ விசைப்பலகையே ஒரு நிரல். ஆண்ட்ராய்டில் புதிய தமிழ் விசைப்பலகை சேர்க்கும்போது, கடவுச்சொல், கடன் அட்டை எண் உட்பட நாம் அடிப்பதையெல்லாம் அது சேகரிக்கக்கூடும் என்று எச்சரிக்கை தோன்றும். ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் எழுதும் ஆவலில், பிள்ளைகள் அதைப் படியாமலே 'சரி' என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். அதே கைப்பேசியில்தான் நாம் மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம்.