முதல் கறவை ஆடு

பாலுக்காக வெள்ளாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது ஜமுனாபாரிதான். நல்ல உயரம், கிளிமூக்காய் வளைந்த முகம், ஒரு சாணுக்கு மேல் தொங்கும் காது. மனம் அங்கேயே நின்றுவிடும். முதல்முறை வளர்ப்பவர் அவசரப்பட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாத இடமும் அதுதான்.

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், யமுனைக்கும் சம்பலுக்கும் நடுவே உள்ள மேடுபள்ளக் காடுகளில் உருவான இனம் ஜமுனாபாரி. நல்ல ஆடு நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர்கூடக் கறக்கும். ஆங்கிலோ நூபியன் என்ற வெளிநாட்டுப் பால் இனம் உருவானதில் இதன் ரத்தமும் உண்டு. ஆனால் முட்செடிகளுக்குள் நாளெல்லாம் திரிந்து, பின்னங்காலில் எழும்பி நின்று தழை ஒடித்துத் தின்று பழகிய ஆடு அது. அதைக் கொல்லையில் கட்டிப்போட்டால் தீனியும் குறையும், பாலும் குறையும். பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். போதாக்குறைக்கு, நீண்ட காதைக் காட்டி ஜமுனாபாரி என்று விற்பதில் கலப்பும் நிறைய.

நம் ஊர்க் கன்னி, கொடி, சேலம் கருப்பு ஆகியவை வறட்சியைத் தாங்கும் அருமையான ஆடுகள். ஆனால் அவை இறைச்சிக்கானவை. குட்டி குடித்தது போக வீட்டுக்குப் பெரிதாக மிஞ்சாது. சுவிட்சர்லாந்தின் சானன் மூன்று லிட்டருக்கு மேல் கொடுக்கும். நம் வெயிலைத்தான் தாங்காது. இடம் மிகவும் குறுகியது என்றால் பார்பாரியை எண்ணிப் பார்க்கலாம். ஆக்ரா, மதுரா பக்கத்துச் சிறிய உடல்வாகு கொண்ட இனம். சோமாலியாவின் பெர்பெரா துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. கொட்டிலிலேயே அடைத்து வளர்க்க ஏற்றது.

தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது தலைச்சேரி. மலபார் கரைக்கு வந்த அரபு வணிகர்களின் ஆடுகளும் உள்ளூர் ஆடுகளும் கலந்து உருவானதாகச் சொல்லப்படும் இனம் இது. வெள்ளை, கறுப்பு, பழுப்பு என எந்த நிறத்திலும் இருக்கும். மழை ஈரத்துக்கும் வெக்கைக்கும் பழகியது. இரட்டைக் குட்டி சாதாரணம். நாளுக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் கறக்கும். இரட்டைக் குட்டி ஊட்டும்போது முதல் சில வாரம் உங்கள் பாத்திரத்துக்கு வருவது அதில் பாதிகூட இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இல்லை.

இனத்தை முடிவு செய்த பிறகும் வாங்குவது ஓர் ஆட்டைத்தான், இனத்தை அல்ல. அதனால் சந்தையில் வாங்காமல் வளர்ப்பவர் வீட்டுக்கே போங்கள். இரண்டாம் ஈற்று ஆடாகக் கேளுங்கள். கீழ்த்தாடையில் பால்பல் விழுந்து நான்கு நிலைப்பல் போட்டிருந்தால் வயது இரண்டை ஒட்டியிருக்கும். மடி பெரிதாகத் தெரிவதை மட்டும் நம்ப வேண்டாம்; ஒரு வேளை கறக்காமல் விட்டால் எந்த மடியும் பெருத்துத் தெரியும். மாலையிலும் மறுநாள் காலையிலும் உங்கள் கண்முன் கறக்கச் சொல்லி அளந்து பாருங்கள். கறந்தபின் மடி துணிப்பை போலச் சுருங்க வேண்டும். உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் அது மடிநோயாக இருக்கலாம். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஒற்றை ஆடு வாங்காதீர்கள். துணையில்லாத ஆடு கத்திக்கொண்டே கிடக்கும், தீனி எடுக்காது. இரண்டு வாங்கும்போது ஒன்று கறவையிலும் மற்றது சினையிலும் இருக்கட்டும். சினைக்காலம் ஐந்து மாதம், கறவையும் ஏறக்குறைய ஐந்தாறு மாதம். ஒன்று வற்றும்போது மற்றது ஈன்றால் வீட்டில் பால் நிற்காது. கிடா வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பருவத்துக்கு வரும் நாளில் பக்கத்தூர்க் கிடாவிடம் ஓட்டிப்போனால் போதும். கிடா அருகில் இருந்தால் பாலிலும் அதன் வாடை ஏறும்.

ஆடு புல்லை விடத் தழையையே விரும்பும். வேலியோரம் அகத்தியும் வேலிமசாலும் முதலில் வளரட்டும், ஆடு பிறகு வரட்டும். ஈரத்தரை ஆகாது, பலகையிட்ட பரண் நல்லது. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கான தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் கொடுங்கள்.

பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். கருச்சிதைவு நோய்க் கிருமி பச்சைப்பால் வழியாக மனிதருக்கும் தொற்றும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஆட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்காதீர்கள். ரத்த விருத்திக்கு வேண்டிய ஃபோலேட் சத்து அதில் மிகக் குறைவு.