ரிலே அணையும் கணம்

ஹான்ஸ் காமன்சிண்ட் 1971இல் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த 555 டைமர் சிப்பின் மூன்றாம் கால் 200 மில்லி ஆம்பியர் வரை தரக்கூடியது. பரவலாகப் புழங்கும் 12 வோல்ட் ரிலே ஒன்றின் சுருளுக்கு ஏறத்தாழ 400 ஓம் மின்தடை. ஓம் விதிப்படி அது 30 மில்லி ஆம்பியர்தான் கேட்கும். அப்படியானால் ரிலேயை நேராகவே இணைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு ரிலே இயங்கும் நேரத்துக்கானது. சிப்புக்குச் சோதனை வருவது ரிலே அணையும்போது. சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென நிற்காது. காந்தப்புலத்தில் சேர்ந்த ஆற்றல் வெளியேற வழி தேடும். வழியில்லையென்றால் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறும். அதனால்தான் 1என்4007 போன்ற டயோடு ஒன்றைச் சுருளுக்குக் குறுக்கே, கோடிட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி, தலைகீழாகப் போடுகிறார்கள்.

டயோடு மட்டும் போதாதா? நேரடி இணைப்பில் போதாது. டயோடு இருந்தாலும் அணையும் கணத்தில் மூன்றாம் கால் கிரவுண்டுக்குக் கீழே 0.7 வோல்ட் வரை இழுபடும். சிப்புக்குள் வேண்டாத பாதைகள் திறக்க அதுவே போதும். அப்போது டைமர் தானாக மறுபடி ஓடத் தொடங்கலாம், அல்லது சிக்கிக்கொள்ளலாம். 5 வோல்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண 555இன் வெளியீடு மின்வழங்கலைவிட ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் குறைவாகவே எழும். பல 5 வோல்ட் ரிலேக்கள் இழுபட 3.75 வோல்ட் வேண்டும், கிடைப்பதோ மூன்றரை. சீமாஸ் வகையான டிஎல்சி555 வெளியே தள்ளுவது வெறும் 10 மில்லி ஆம்பியர்.

இடையில் பிசி547 போன்ற டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு. 12 வோல்ட்டில் 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே 3 மில்லி ஆம்பியர் பேஸுக்குப் போனால் போதும். சுருளுக்கு ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் கிடைக்கும், சுருளின் உதையும் சிப்பை நேரே தொடாது. டயோடு இருந்தால் ரிலே விடுபடத் தாமதமாகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் சில மில்லிசெகண்டுகள்தான். நொடிகளையும் நிமிடங்களையும் எண்ணும் டைமருக்கு அது பொருட்டல்ல. வேகம் வேண்டுவோர் டயோடுடன் ஜீனர் ஒன்றைத் தொடராகச் சேர்க்கலாம், டிரான்சிஸ்டர் அந்தக் கூடுதல் மின்னழுத்தத்தைத் தாங்குமானால். 200 மில்லி ஆம்பியர் என்ற எண், சிப் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கான அளவு. ரிலே திருப்பி அடிப்பதை அது எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.