அறுவடைப் பணம் ஆடி வரை வருமா?

"வர்றது கண்ணுக்குத் தெரியுது. போறதுதான் தெரியவே மாட்டேங்குது!"

நாலு இல்லத்தரசிகள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அதற்குப் பதிலாகப் பத்திரிகைகளில் எழுதப்படும் சிக்கன யோசனைகள் பெரும்பாலும் மாசச் சம்பளக்காரர் வீட்டுக்கானவை. ஒண்ணாம் தேதி சம்பளம் வரும், அதைப் பங்கு போடுங்கள் என்பார்கள். ஒண்ணாம் தேதி என்று ஒரு தேதியே இல்லாத வீடுகள் என்ன செய்வது?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பெருமுக்கல். மலை மேல் சிவன் கோயில், குகையில் பழங்கால மனிதன் கீறிய பாறைக் கீறல்கள் என்று பெயர் பெற்ற ஊர். அந்த மலையடி வாரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நெல்லும் உளுந்தும் மல்லாட்டையும்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகின்றன. (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பதுதான் இப்படித் திரிந்தது.) இங்கே பணம் வருஷத்துக்கு இரண்டு, மூன்று தடவைதான் வரும், வந்தால் கொத்தாக வரும். செலவோ தினமும் உண்டு. சித்திரையில் மல்லாட்டை விற்ற பணம் கையில் இருக்கும்போது தாராளம். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போது இழுபறி. ஆடியில் விதைக்க வேண்டிய நேரத்தில் காதுத் தோடு அடகுக் கடையில்!

இந்தச் சக்கரத்தை நிறுத்த முடியுமா? முடியும். அதற்கு வாயைக் கட்டி வயிற்றைக் கட்ட வேண்டாம். மூன்று இடங்களில் மட்டும் கவனம் வைத்தால் போதும்.

பணத்துக்கு நாமே சம்பளத் தேதி வைப்போம்

அறுவடைப் பணம் வீட்டுக்கு வந்த அன்றே, வீட்டுக்காரர், மாமியார், விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில். உதாரணத்துக்கு, எல்லாக் கூலியும் போகக் கையில் நின்றது 60,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அடுத்த வரவுக்கு ஆறு மாசம் ஆகும்.

முதலில் அடுத்த விதைப்புக்கு விதை, உரம், உழவு: 12,000. இதைத் தொடவே கூடாது. அடுத்து, ஜூன் மாசப் பள்ளிச் செலவு: 6,000. மீதி 42,000. அதை ஆறால் வகுத்தால் மாசம் 7,000. இதுதான் உங்கள் சம்பளம். மொத்தப் பணத்தையும் பாங்கிலோ தபால் ஆபீஸிலோ போட்டுவிட்டு, மாசப் பிறப்பன்று 7,000 மட்டும் எடுத்து வாருங்கள். வீட்டில் பீரோவுக்குள் 42,000 இருந்தால், 'இருக்குதே' என்ற தைரியத்திலேயே செலவாகும்.

அந்த 7,000 எங்கே போகிறது என்று ஒரு மாசம் மட்டும் எழுதிப் பாருங்கள். மளிகைக் கடையில் ஐந்து ரூபாய்க்கு எண்ணெய்ப் பொட்டலம், ஷாம்பு பாக்கெட், குழந்தை அழுகிறது என்று மசாலா நொறுக்கு. தினம் 20 ரூபாய் என்றால் அது ஒரு தொகையாகவே தோன்றாது. வருஷத்துக்கு 7,300 ரூபாய், ஒரு மாசச் சம்பளத்துக்கும் மேலே! அதோடு, கடனுக்கு எழுதி வாங்கும் கடை நோட்டில் விலையை யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் எழுதியதுதான் கணக்கு. கைப் பணம் கொடுத்து மாசத்துக்கு ஒரு தடவை வாங்கும்போதுதான் பேரம் பேச நமக்கு வாய் வரும்.

விளைந்ததை விற்றுவிட்டு விலைக்கு வாங்குவதா?

மல்லாட்டை முழுவதையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, அதே மாசம் கடையில் பாக்கெட் எண்ணெய் வாங்குவது நம் பக்கத்தில் சகஜமாகிவிட்டது. கணக்குப் பார்ப்போமா?

நன்றாகக் காய்ந்த மல்லாட்டைப் பருப்பு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ ஆட்டினால் சுமார் ஒரு லிட்டர் எண்ணெய் வரும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாசம் 2 லிட்டர் என்றால் ஆறு மாசத்துக்கு 12 லிட்டர். அதற்கு 30 கிலோ பருப்பு. தோலோடு 40 கிலோவுக்குச் சற்றுக் கூட. இவ்வளவை மட்டும் விற்காமல் நிறுத்தி வையுங்கள். நிலம் இல்லாதவர்கள், அறுவடை சமயத்தில் விலை இறங்கியிருக்கும்போது தெரிந்தவர் களத்திலேயே வாங்கலாம்.

எண்ணெய் ஆட்டும்போது பிண்ணாக்கை மறந்துவிடாதீர்கள். சில மில்களில் கூலிக்குப் பதிலாகப் பிண்ணாக்கை எடுத்துக்கொள்வார்கள். மாடு உள்ள வீட்டுக்காரர் கூலியைக் கொடுத்துவிட்டுப் பிண்ணாக்கைக் கொண்டு வந்தால் மாட்டுத் தீவனச் செலவு குறையும். எது லாபம் என்று அன்றைய விலையை வைத்துக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஆறு மாச எண்ணெயை ஒரே தடவையில் ஆட்டி வைக்க வேண்டாம். சிக்கு வாடை வந்துவிடும். மல்லாட்டையைத் தோலோடு வைத்திருந்து, இரண்டு மாசத்துக்கு ஒரு முறை உடைத்து ஆட்டிக்கொள்வதுதான் நல்லது. மூட்டை கட்டுமுன், காயை ஆட்டினால் உள்ளே பருப்பு 'கலகல'வென்று சத்தம் போடும் அளவுக்குக் காய வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. அதனால் கறுத்த பருப்பு, சுருங்கிய பருப்பு, கசக்கும் பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். 'வீணாப் போவுதே' என்று குழந்தைக்கு வறுத்துக் கொடுக்காதீர்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

எண்ணெய்க்குச் சொன்னதுதான் மற்றதற்கும். துவரை தை, மாசியிலும், புளியும் மிளகாயும் பங்குனி, சித்திரையிலும் வாங்கி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து மூடி வையுங்கள். புளியைக் கொட்டை நீக்கி, கல் உப்புத் தூவி, மண்பானையில் அடைத்தால் அடுத்த வருஷம் வரை வரும். மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் கல் உப்பு மலிவாகக் கிடைக்கும். ஊறுகாய்க்கும் புளிக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். தினச் சமையலுக்கு மட்டும் அயோடின் உப்பையே வாங்குங்கள். கர்ப்பிணிக்கும் வளரும் குழந்தைக்கும் அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

வட்டிதான் பெரிய திருடன்

எண்ணெயிலும் புளியிலும் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரே வாயில் விழுங்குவது வட்டி. ஆடியில் 20,000 ரூபாய்க்கு நகையை அடகு வைக்கிறோம். 'நூற்றுக்கு மூணு ரூபாய்தானே' என்று தோன்றும். மாசம் 600, வருஷத்துக்கு 7,200. அதாவது நூற்றுக்கு முப்பத்தாறு! அதே நகையை பாங்கிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வைத்து, வட்டி மாசம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 2,400தான். மிச்சம் 4,800. பெண்ணை 'போதும் படிச்சது' என்று நிறுத்தாமல் மேலே படிக்க வைக்க இந்தப் பணம் கைகொடுக்கும்.

தண்டல் இதைவிட மோசம். 10,000 ரூபாய் கடன் என்பார்கள். 1,500 பிடித்துக்கொண்டு 8,500தான் கையில் தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500தானே என்று நினைக்காதீர்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், முழுப் பணமும் நம் கையில் நூறு நாள் இருப்பதில்லை. வருஷக் கணக்காகப் போட்டால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது!

'அவசரத்துக்கு வேற வழி?' என்று கேட்பீர்கள். வழியை அவசரத்துக்கு முன்னாலேயே செய்து வைக்க வேண்டும். விதைப்புக்கு, சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். தவணை தவறாமல் கட்டுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் அது வட்டியில்லாமல் கிடைக்கிறது. வீட்டு அவசரத்துக்கு மகளிர் சுயஉதவிக் குழு. 1989ல் தருமபுரியில் தொடங்கி, பழைய தென்னார்க்காட்டுக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் பரவிய முறை இது. நம் சேமிப்பே நமக்குக் கடனாகத் திரும்புவதும், கட்டுகிற வட்டி குழுவுக்குள்ளேயே தங்குவதும் இதன் விசேஷம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் 'மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டணும்?' என்று கேளுங்கள். குழு என்ற பெயரில் வாரத் தவணைக் கம்பெனிகளும் வருகின்றன. ஒரு கம்பெனிக் கடனை அடைக்க இன்னொன்றில் வாங்குவது புதைமணலில் காலை வைப்பது போல.

விளக்கும் மின்விசிறியும்

தமிழ்நாட்டில் 2016ல் வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அறிவித்தார்கள். பழைய 75 வாட் மின்விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்தில் 54 யூனிட் தின்றுவிடும். புது மாதிரி 28 வாட் விசிறிக்கு 20 யூனிட் போதும். பழையது கெட்டுப்போய் மாற்றும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். நன்றாக ஓடுவதை எறிய வேண்டாம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

சிக்கனம் என்று சொல்லிப் பல வீடுகளில் முதலில் குறைவது அம்மாவின் சாப்பாடுதான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிச்சமிருப்பதை ரசம் விட்டுச் சாப்பிடுவது மிச்சம் பிடிப்பது ஆகாது. ரத்தசோகை வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு பல மடங்கு. முருங்கைக்கீரையும், கேழ்வரகும், ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டையும் உங்கள் தட்டிலும் இருக்கட்டும்.

கைக்குழந்தைக்கு ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆறு மாசத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு கேழ்வரகு, பாசிப்பயறு, நன்றாக வறுத்து நைஸாகப் பொடித்த மல்லாட்டை சேர்த்த கஞ்சி. அங்கன்வாடியில் கொடுக்கும் இணையுணவு மாவையும் வாங்கிப் பயன்படுத்துங்கள். அது உங்கள் குழந்தையின் பங்கு. வெளிநாட்டுப் படம் போட்ட டப்பா மாவு வேண்டியதில்லை. தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.

படிப்பிலும் குறைக்காதீர்கள். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால், 2015ல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் தபால் ஆபீஸில் கணக்குத் தொடங்கலாம். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். மல்லாட்டை விற்ற அன்றே அதைக் கட்டிவிட்டால் மறந்துபோகாது.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த மாசம் நோட்டு மட்டும் போடுங்கள். அடுத்த அறுவடையில் எண்ணெய்க்கு மல்லாட்டையை நிறுத்தி வையுங்கள். ஆடி வரும்போது தோடு காதிலேயே இருக்கிறதா, பாருங்கள்!