மனமே நலமா? – 9
நர்சம்மா கேட்கும் கேள்வி

சென்ற வாரம் ஏர்வாடியைப் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களைக் கொண்டுபோய் அங்கே விட்ட குடும்பங்களைக் குறை சொல்வது எளிது. ஆனால், “இது நோய், இதற்கு மருந்து இருக்கிறது” என்று அவரவர் ஊரிலேயே சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், எத்தனை பேர் அந்தச் சங்கிலிக்குப் போயிருப்பார்கள்? அந்த ஆள் யார் என்பதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

என் பதில்: கிராம சுகாதார செவிலியர். ஊரார் வாயில் நர்சம்மா. சமவெளிப் பகுதியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. யார் மாசமாக இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் நர்சம்மாவுக்கு அத்துப்படி. மனநல மருத்துவர் யார் வீட்டுப் படியும் ஏறப்போவதில்லை. இவர் அடுப்படி வரைக்கும் உரிமையோடு போகிறவர்.

அந்த உரிமை ஏன் முக்கியம்? 2015-16இல் மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் சிகிச்சைக்கே வராதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். வராததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. மனசு நொந்தவர்கள் மனசைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. “நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை கால் ஓய்ஞ்சு போகுது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை” என்றுதான் சொல்வார்கள். சத்து ஊசி, குளுக்கோஸ் பாட்டில், ஸ்கேன் என்று பணம் கரையும். தனியே பேசிச் சிரிப்பவரையோ கோடாங்கியிடம் அழைத்துப் போவார்கள். எந்த வழியில் போனாலும் மாதங்கள் வீணாகின்றன.

பிள்ளை பெற்றவளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாமல் நீண்டால் அது மனச்சோர்வு. இந்தியத் தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது என்கின்றன ஆய்வுகள். அந்த வீட்டில், “பால் கொடுக்கக்கூட அலுத்துக்கறா” என்று மாமியார் குறைப்பட்டுக்கொண்டிருப்பார். குழந்தையைப் பார்க்க வரும் நர்சம்மா தாயையும் உட்காரவைத்து, “தூக்கம் வருதா தாயி? சோறு இறங்குதா? பிள்ளையைத் தூக்கினா சந்தோஷமா இருக்கா?” என்று கேட்டால் போதும், பாதி கதவு திறந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு: “செத்துப்போகலாம்னு தோணுதா?” இதைக் கேட்கத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற அச்சம். அப்படி ஆவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவருக்கு அந்தக் கேள்வியே ஆறுதல். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்றும் பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடைசெய்வதும் இதே சட்டம்தான்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நடந்த கதைகள் இருக்கின்றன. 1980களின் நடுவில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் நிம்ஹான்ஸ் பயிற்சி கொடுத்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. முதலில் தேர்வான நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று.

திருச்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு முயற்சி. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010 வாக்கில் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஒரு பக்கம் நோயாளி உட்கார்ந்து சென்னையிலிருக்கும் மருத்துவரோடு வீடியோவில் பேசலாம். மறுபக்கம் மருந்து வாங்கிக்கொள்ளலாம். வெளியே மனநோய் பற்றிய படம் ஓடும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கண்டறிந்து, மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டவர்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்த களப்பணியாளர்கள். படம் பார்த்ததும் அங்கேயே மருத்துவர் கிடைத்தார், மருந்தும் கிடைத்தது. விழிப்புணர்வு என்று நான் சொல்வது இதைத்தான். சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவது அல்ல, மறுமாதமும் அதே ஆள் வந்து “மாத்திரை போடறியா?” என்று கேட்பது.

நர்சம்மா யாருடைய நம்பிக்கையோடும் மோத வேண்டியதில்லை. கோயிலுக்குப் போகட்டும், தர்காவுக்குப் போகட்டும். சாமியையும் கும்பிடட்டும், மாத்திரையையும் போடட்டும். 

ஆனால் பாரம் எல்லாவற்றையும் அவர் தலையில் மட்டும் ஏற்றுவது அநியாயம். பிரசவம், தடுப்பூசி, பதிவேடு, செல்போனில் பதிவேற்றம் என்று ஏற்கெனவே மூச்சுமுட்ட வேலை. அவருக்கு முறையான பயிற்சியும், மனசு விட்டுப் பேச நேரமும் வேண்டும். அவர் அனுப்பிவைக்கும் நோயாளிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து தீராமல் இருக்க வேண்டும். போன இடத்தில் “அடுத்த மாசம் வா” என்று திருப்பி அனுப்பினால், அவர் வார்த்தைக்கு ஊரில் மதிப்பிருக்காது.

ஊருக்கும் வேலை இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் கடன் கணக்கோடு இதையும் பேசலாம். குணமாகித் திரும்பியவரை நூறு நாள் வேலைக்குக் கூட்டிப்போகலாம், கல்யாண வீட்டுக்கு அழைக்கலாம். நேரில் பேசத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இன்றே உங்கள் ஊர் ரேஷன் கடைச் சுவரில் எழுதிவையுங்கள். எழுதியதோடு நிற்காமல், ஒதுங்கிக் கிடக்கும் ஒருவரிடம் போய் “தூக்கம் வருதா?” என்று கேளுங்கள்.

அடுத்த வாரம்: செவிலியருக்கு நேரமில்லை, மருத்துவமனையில் அறையும் இல்லை. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் பாட்டிமார் 14 பேர் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்தார்கள்?

(தொடரும்)