ஐந்து வோல்ட் ஐந்தாகவே இருக்க வேண்டும்

செல்போன் சர்வீஸ் கடையில் பழுதான சார்ஜரை நெம்பித் திறந்தால், கட்டைவிரல் அளவுக்கு ஒரு போர்டு வெளியே வரும். ஒரு பக்கம் வீட்டு மின்சாரம், மறுபக்கம் போனுக்குப் போகும் 5 வோல்ட். நடுவே நான்கு கால்களோடு குந்தியிருக்கிறது ஆப்டோகப்ளர் என்னும் சின்னச் சிப். நல்ல சார்ஜராக இருந்தால் அதன் வயிற்றுக்குக் கீழே போர்டை நீளமாகக் கீறி இடைவெளி விட்டிருப்பார்கள். ஆளைக் கொல்லக்கூடிய கரண்ட் இந்தப் பக்கம் தாவாமல் தடுப்பது அந்தச் சில மில்லிமீட்டர்தான்.

உள்ளே நடப்பது இது: 230 வோல்ட் ஏசி நுழைந்ததும் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி ஆகிறது. அதை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புகிறது. வெளியே வோல்டேஜ் ஏறினால் ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் குட்டி விளக்கு பிரகாசமாகும். அந்த வெளிச்சத்தைக் கண்டதும் மறுபக்கம் டிரான்சிஸ்டர் அடக்கி வாசிக்கும். இரு பக்கத்துக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லை, வெளிச்சம்தான் தூது. இதற்குப் பெயர் ஃபீட்பேக்.

தூது வந்தால் மட்டும் போதாது, பதில் நிதானமாகவும் இருக்க வேண்டும். பால் காய்ச்சுகிறவர்களுக்கு இது புரியும். பொங்கி வழிந்த பிறகு தீயைக் குறைத்துப் பயனில்லை. ஒரு குமிழுக்கே அணைத்து, உடனே ஏற்றி, மறுபடி அணைத்தால் பால் காயாது. அந்த நிதானத்தைக் கொடுப்பவை ஃபீட்பேக் சுற்றில் உள்ள ஓரிரண்டு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். இவற்றின் அளவைக் கணக்கிடுவதைத்தான் பொறியாளர்கள் காம்பன்சேஷன் என்கிறார்கள். கணக்குப் பிசகினாலோ, சூட்டில் வெளியீட்டுக் கெபாசிட்டர் காய்ந்துபோனாலோ வோல்டேஜ் ஊசலாடத் தொடங்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, தூதே அறுந்துபோவது. தகவல் வராததால் சார்ஜர் ‘வெளியே ஒன்றும் போகவில்லை’ என்று எண்ணி முழு வேகத்தில் தள்ளும். 5 வோல்ட் இரண்டு மடங்கையும் தாண்டலாம். கெபாசிட்டர் வெடிக்கலாம், போன் கருகலாம். பாதுகாப்புத் தரச் சோதனையில் இப்படிப்பட்ட பழுதுகளை வேண்டுமென்றே ஒவ்வொன்றாக உண்டாக்கி, தீயோ ஷாக்கோ வருகிறதா என்று பார்ப்பார்கள். சோதனைக்கே போகாத மலிவுச் சரக்கில், அந்தச் சோதனையை வாங்கியவரின் வீடுதான் செய்கிறது.

ஆப்டோகப்ளர் இல்லாமலே, டிரான்ஸ்பார்மரின் துணைச் சுற்றைக் கவனித்துக் கட்டுப்படுத்தும் நல்ல சார்ஜர்களும் உண்டு. ஆகவே திறந்து பார்த்துத் தரம் சொல்வது பொதுமக்கள் வேலையல்ல. உள்ளே கெபாசிட்டரில் தேங்கிய கரண்ட்டே அடித்துவிடும். வெளியே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

பலர் சார்ஜரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுகிறார்கள். இந்த வகைப் பொருள்களுக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் தருவது வேறொரு முத்திரை: ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும். அந்த அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நிறுவனத்தின் பெயர் வரும். வரவில்லையா, சார்ஜரில் உள்ள பெயர் வேறா? வாங்காதீர்கள்; அதே செயலியில் புகாரும் செய்யலாம்.

ஏற்கெனவே வாங்கி நஷ்டப்பட்டவருக்கும் வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ கேடு வந்தால் தயாரித்தவர், விற்றவர் இருவர் மீதும் இழப்பீடு கோரலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணமே இல்லை; ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போயாக வேண்டும்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கருகிய சார்ஜரைக் கோபத்தில் குப்பையில் வீசிவிடாதீர்கள், பிரிக்கவும் வேண்டாம். தேவைப்பட்டால் ஆணையம் அதைச் சீல் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்.