மலையில் மரம் நட்ட மீனவர்கள்

தம்பி, தங்கையே! கடலில் சிப்பி வளர்ப்பவர்களுக்கு மலைமேல் என்ன வேலை?

"சிப்பி எதைச் சாப்பிடும்?" என்று திருப்பிக் கேட்கிறாயா? சபாஷ்! அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஜப்பானின் வடகிழக்கில் கெசென்னுமா என்றொரு விரிகுடா. தெப்பங்களில் கயிறு தொங்கவிட்டு அங்கே சிப்பி வளர்ப்பார்கள். முத்துக்காக இல்லை, சாப்பாட்டுக்காக. ஊர்க் கழிவுநீர் கலந்து, 1960களில் இருந்து அந்தக் கடல் கெடத் தொடங்கியது. சிவப்பு நிற நுண்ணுயிர்கள் பெருகின. அவற்றைத் தின்ற சிப்பியின் சதையும் சிவந்துபோனது. யார் வாங்குவார்கள், சொல்!

ஹதகெயமா ஷிகெயத்சு என்ற சிப்பி வளர்ப்பவர் யோசித்தார். 1984இல் பிரான்சுக்குப் போனபோது, சிப்பி செழித்த கடலோரத்தில் விழும் ஆற்றின் மேற்பகுதியில் அடர்ந்த காடு இருந்ததைப் பார்த்திருந்தார். "நம் மலை எப்படி இருக்கிறது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

காட்டுக்கும் சிப்பிக்கும் என்ன உறவு? மெதுவாகக் கேள். சிப்பிக்கு உணவு, கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி. பாசி வளர இரும்புச்சத்து வேண்டும். ஆனால் இரும்பு தண்ணீரில் துருவாகி அடியில் போய்விடும். காட்டில் இலைகள் உதிர்ந்து மக்கும்போது ஒரு பொருள் உண்டாகிறது. திருவிழாக் கூட்டத்தில் அம்மா உன் கையைப் பிடித்துக்கொள்வதுபோல, அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆற்றோடு கடல்வரை கூட்டிப்போகும்.

புரிந்ததா? இலை, ஆறு, பாசி, சிப்பி. ஒருமுறை நீயே சொல்லிப் பார்.

1989இல் மீனவர்கள், தங்கள் விரிகுடாவில் விழும் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள முரோனே மலை ஏறினார்கள். அது பக்கத்து மாகாணத்து மலை! நிறைய மீன் கிடைத்தால் படகில் பறக்கவிடும் வண்ணக் கொடிகளை அங்கே கட்டி, இலையுதிரும் மரங்களை நட்டார்கள். பிறகு ஆண்டுதோறும் நட்டார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த பள்ளிப் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்து, பாசி மிதக்கும் தண்ணீரைச் சுவைக்கக் கொடுத்தார் ஹதகெயமா. ஆற்றில் கலப்பதெல்லாம் இந்தத் தண்ணீருக்கே வரும் என்று புரிந்து, வீடு திரும்பிய பிள்ளைகள் தலைக்குப் போடும் ஷாம்புவைக் குறைத்தார்கள். வயலில் பூச்சிமருந்தைக் குறைக்கும்படி அப்பாவிடம் சொன்னார்கள். பெரியவர்களுக்கு நூறு கூட்டம் போட்டாலும் இது நடக்குமா?

2011இல் சுனாமி வந்து தெப்பங்களை அள்ளிப்போனது. ஆனால் பிறகு கயிற்றில் விட்ட சிப்பிகளுக்கு உணவுப் பஞ்சம் இல்லை. அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஹதகெயமாவுக்குக் 'காட்டு நாயகர்' விருது கொடுத்தது.

உனக்கு ஒரு வேலை. உன் தெருவின் மழைநீர் எந்த வாய்க்காலில் விழுகிறது, அது எந்த ஆற்றில் சேர்கிறது என்று தாத்தாவிடம் கேள். வரைபடத்தில் கடல்வரை விரலால் கோடு போட்டுப் பார்த்து, எனக்குக் கடிதம் எழுது.